காளவாசலில் கட்டிய ஃபிளெக்ஸ்

பசைவாளியோடு போஸ்டர் ஒட்டிப் பிழைத்த தங்கப்பொண்ணு கை படாத சுவர் மதுரையில் கிடையாது. படிப்பு மூன்றாம் வகுப்பு. இன்று செல்லூரில் சொந்தமாக ஃபிளெக்ஸ் கடை. மகள் தமிழ்வாணி கால்பந்தில் கோல்கீப்பர். அரையிறுதியில் ஜெயித்தும் பேப்பரில் ஒரு வரி இல்லை, மைதானத்தில் பார்க்க ஆளில்லை. பிள்ளை முகம் வாடிப்போனது.

"பேப்பர்காரன் கெடக்கான். மதுரைக்கு நாந்தான்டி பேப்பரு!" என்று தங்கப்பொண்ணு காளவாசலில் ஃபிளெக்ஸ் கட்டினார். கல்யாணத்துக்கு அடிக்கும் அதே ரோஜாப்பூ டிசைன், நடுவில் மகள் முகம், 'அனைவரும் வருக'. கால்பந்து என்பது மட்டும் ஓரத்தில் பொடி எழுத்தில்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டி நடந்த மைதானத்தில், ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டு மேலூரிலிருந்து அண்ணன் கருப்பு, மேளமும் பதினோரு சீர்த்தட்டும் வேன் நிறைய சொந்தமுமாக வந்து இறங்கினார்.

"மாப்பிள்ளை எங்கத்தா?"

"மாப்பிள்ளையா? பந்து வெளையாட்டுண்ணே!"

"ரோசாப்பூப் போட்டா விசேஷம்னுதான நெனப்போம்?"

"இதுவும் விசேஷந்தேன். உக்காரு!"

தமிழ்வாணி கடைசிப் பந்தைப் பாய்ந்து பிடித்ததும் மேளம் அதிர்ந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த நிருபர் படம் எடுத்தார். மறுநாள் பேப்பரில் கால் பக்கம். அதையே பத்தடி உயரத்துக்கு அடித்து மறுபடியும் காளவாசலில் கட்டினார் தங்கப்பொண்ணு, ரோஜாப்பூ இல்லாமல்.