நீரோட்டக் கம்பி யார் பேச்சைக் கேட்கும்?

சித்திரை பிறந்த கையோடு எங்கள் போர்வெல் மோட்டார் இருமத் தொடங்கியது.

மனுஷர் இருமினால் கஷாயம் வைத்துக் கொடுக்கலாம். மோட்டார் இருமினால்? குழாயில் கடகடவென்று ஒரு சத்தம், கொஞ்சம் காற்று, செம்மண் நிறத்தில் ஒரு கை தண்ணீர்… அவ்வளவுதான்.

‘ஊரே தண்ணீருக்கு அலைகிறது, நீங்கள் மட்டும் ஊறுகாயைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே’ என்று ஒரு வாசகி என்னிடம் கோபித்துக்கொண்டார். முடிவு தெரியாத சங்கதியை எழுத எனக்குப் பிடிக்காது அம்மா. இப்போது தெரிந்துவிட்டது. எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது மயிலாப்பூரில், கடல் பக்கம். சின்ன அடுக்குமாடி. கீழ் வீட்டில் மும்தாஜ். இட்லி மாவு அரைத்து விற்கிறாள். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டு இட்லி அவள் கை மாவுதான். காலையில் என் கதவைத் தட்டி, “அம்மா, எழுந்தாச்சா?” என்று கேட்கிற ஒரே ஆளும் அவள்தான். என் பிள்ளைகள் போனில் கேட்பார்கள். போன் கதவைத் தட்டுமா?

மாவுக்குத் தண்ணீர் வேண்டும். அரிசி களைய, ஊறவைக்க, கிரைண்டர் கழுவ… லாரித் தண்ணீரை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்தாள். வாங்கிப் போனவர்கள் பாக்கெட்டைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள்.

“லாரித் தண்ணியில மருந்து வாடைம்மா. மாவு பொங்கவே மாட்டேங்குது. கல்லு மாதிரி உக்காந்துக்குது” என்றாள்.

அடுத்த நாள் சொன்னாள். “ஆம்பூருக்கே போயிடலாம்னு பாக்குறேன். எங்கண்ணன் கூப்புட்டுக்கினே கீறாரு. இந்த மாசம் பார்ப்பேன். அதுக்கப்புறம் அல்லா விட்ட வழி.”

“உம் பொண்ணு பத்தாவது போறாளேடி?”

அவள் ஈரமில்லாத கிரைண்டரைத் துணியால் துடைத்தாள். துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள்.

கட்டிடத்துக்காரர்கள் கூடிப் பேசினோம். புது போர் போடுவது என்று முடிவானது. சரி, எங்கே போடுவது? இருப்பது கார் நிறுத்துகிற இடம் ஒன்றுதான். பக்கத்துக் கட்டிடத்தில் ஆழமாகப் போட்டார்கள். உப்புத் தண்ணீர் வந்தது. கடல் என்ன, கூப்பிடு தூரம்தானே! உப்புத் தண்ணீரில் மும்தாஜ் என்ன அரைப்பாள்? இந்தத் தடவை தப்பினால் எங்கள் ஆட்கள் இன்னொரு போருக்குச் சம்மதிக்கவும் மாட்டார்கள்.

எங்கள் செக்ரட்டரி சேவியர் சார் ரிட்டயர்டான சயன்ஸ் வாத்தியார். பேய், பிசாசு, ராகு காலம் எதையும் ஒப்புக்கொள்ளாதவர். அவர்தான் சொன்னார்: “நீரோட்டம் பார்க்கிற ஆளைக் கூப்பிட்டிருக்கேன், ஆரோக்கியம்மா.”

“நீங்களா சார்?”

“பார்க்கிறதுல என்னம்மா தப்பு?” என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

நான் சிரிக்கவில்லை. நாக்கு வறண்டால் எல்லோரும் பக்தர்தான்.

சனிக்கிழமை காலையில் தணிகாசலம் வந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். ஓய்ந்த நேரத்தில் இது. அவர் அப்பா உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பாராம். தண்ணீர் உள்ள இடத்தில் தேங்காய் எழுந்து நிற்குமாம். இவர் காலத்துக்கு ஏற்ற மாதிரி பித்தளைக் கம்பிக்கு மாறிவிட்டார். இரண்டு கம்பி. ஒவ்வொன்றும் ‘எல்’ மாதிரி வளைத்தது. பிடிக்கிற பக்கத்தை ஒரு பழைய பேனாக் குழாய்க்குள் செருகியிருந்தார். கை இறுக்கிப் பிடித்தாலும் கம்பி லேசாகச் சுழல வேண்டும் அல்லவா? அதற்காக.

“இன்னா சார், எல்லாம் டைல்ஸா கீது? கால் மண்ணுல பட்டாத்தான் கம்பி பேசும்.”

“மண்ணுக்கு எங்கேப்பா போறது?” என்றார் சார்.

தணிகாசலம் செருப்பைக் கழற்றி, சுவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். இரண்டு கம்பியையும் துப்பாக்கி மாதிரி நேராக நீட்டிக்கொண்டு நடந்தார். நாங்கள் எல்லோரும் மூச்சுவிடாமல் பின்னால் போனோம். பின் சுவர் மூலைக்கு வந்ததும் இரண்டு கம்பியும் மெதுவாக உள்ளே திரும்பின. ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே படுத்துக்கொண்டன.

“இங்க கீது சார். நல்ல தண்ணி.”

சார் சாக்பீஸால் வட்டம் போட்டார். வாத்தியாரின் பையில் சாக்பீஸ் இன்னும் இருக்கிறது!

நான் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. “கொடு நைனா, நானும் பிடிச்சுப் பார்க்கறேன்” என்றேன்.

“எல்லாருக்கும் வராதும்மா. ஓ பாசிட்டிவ் ரத்தமா இருக்கணும்.”

கொடுத்துவிட்டார். நடந்தேன். மும்தாஜின் சமையல்கட்டு ஜன்னலுக்கு நேரே வந்ததும் கம்பி திரும்பியது பாருங்கள்… மாதா மேல் சத்தியமாகச் சொல்கிறேன், நான் திருப்பவில்லை. தானாகத் திரும்பியது. முதுகில் சிலுசிலுவென்று ஓடியது. மும்தாஜ் கை தட்டினாள்.

“பாத்தியா சார்! அம்மாவுக்கு ஓ பாசிட்டிவ்தான்!” என்றார் தணிகாசலம்.

“எனக்கு பி, நைனா. கண் ஆபரேஷனுக்கு ரத்தம் எடுத்தப்பவே சொல்லிட்டாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை வயதில் எனக்கு ஒரு புது வித்தை கைவந்திருக்கிறதே! கம்பி சொன்ன இடத்தில் போர் போட்டால், ஜன்னல் வழியே கை நீட்டி மும்தாஜ் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாமே…

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

கம்பிக்கு மும்தாஜை எப்படித் தெரியும்?

எனக்கல்லவா தெரியும்! அந்த ஜன்னலுக்கு நேரே தண்ணீர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டது நான் அல்லவா?

“மும்தாஜ், உன் துப்பட்டாவைக் கொடு” என்றேன். என் கண்ணைக் கட்டச் சொன்னேன். என்னை இரண்டு சுற்று சுற்றிவிட்டு நடக்கவிட்டார்கள். கம்பி திரும்பியது, கண்ணைத் திறந்தால் வாட்ச்மேன் நாற்காலி. மறுபடி கட்டினார்கள், இந்தத் தடவை கேட் ஓரம். மும்தாஜின் ஜன்னல் பக்கம் நான் போனபோது கம்பி வாயே திறக்கவில்லையாம்.

“உங்களுக்குப் பழக்கமில்ல, அதான்மா” என்றார் தணிகாசலம். “எனக்குக் கட்டு. எனக்கு இன்னா பயம்?”

கட்டினோம். நல்ல மனுஷர், மறுக்கவே இல்லை. நடந்தார். சாக்பீஸ் வட்டத்தை மிதித்துக்கொண்டே தாண்டிப் போனார், கம்பி அசையவில்லை. மாடிப்படிக்குக் கீழே குறுக்கே படுத்தது. இன்னொரு தரம் விட்டோம், ஸ்கூட்டர் பக்கத்தில். கடைசியாக ஓர் இடத்தில் பளிச்சென்று திரும்பியது.

“இங்கதான்! இங்கதான் ஸ்ட்ராங்கா கீது!”

மும்தாஜ் வாயைப் பொத்திக்கொண்டாள். “அண்ணே… அது செப்டிக் டேங்க்.”

“அதுலயும் தண்ணி கீதுல்ல?” என்று யாரோ சொல்ல, கார் நிறுத்துமிடமே அதிர்ந்தது.

தணிகாசலம் மட்டும் சிரிக்கவில்லை. துப்பட்டாவை அவிழ்த்தார். கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் திருப்பலம்மா. எங்கம்மா மேல சத்தியம்.”

எனக்குச் சங்கடமாகிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “தெரியும் நைனா. நானுந்தான் திருப்பலை. மனசு எங்கே போகுதோ, கை அங்கே போகுது. நமக்கே சொல்லாம போகுது. என் மனசு மும்தாஜ் ஜன்னல்ல இருந்துச்சு. உன் மனசு ஏன் அந்த மூலைக்குப் போச்சு?”

அவர் சுவரைக் காட்டினார். “உள்ள வரும்போதே பாத்தேன்மா. அந்த மூலைல சுவத்துல ஒரு அரசங்கண்ணு. இந்த வெயில்லயும் பச்சையா கீது.”

எல்லோரும் அந்த மூலைக்குப் போனோம். இந்தத் தடவை கம்பி இல்லாமல்.

அரசங்கன்று இருந்தது. அதன் வேர் ஒரு பைப்பைக் கட்டிப் பிடித்திருந்தது. மொட்டைமாடியிலிருந்து இறங்குகிற பைப். தினமும் பார்க்கிற பைப்தான். அது கீழே எங்கே போகிறது என்று பார்த்தால்… டைல்ஸில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேல் வழியே இல்லை! பைப்புக்குள் தேங்கி நின்ற தண்ணீரைத்தான் அந்தக் கன்று குடித்துக்கொண்டிருந்தது.

“சார், இது என்ன பைப்?” என்றேன்.

சேவியர் சார் நெற்றியில் அடித்துக்கொண்டார். “மழைநீர் சேகரிப்பு, ஆரோக்கியம்மா! ரூல் வந்தப்போ போட்டது. அப்புறம் டைல்ஸ் போட்டோமே… தொட்டியை மூடிட்டோம் போலிருக்கு.”

புரிகிறதா உங்களுக்கு? அரசாங்கம் பைப் இருக்கிறதா என்று கேட்டது, பைப் இருந்தது. கார் டயர் அழுக்காகக் கூடாதென்று டைல்ஸ் கேட்டார்கள், டைல்ஸும் வந்தது. மழைத் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. அது மாடியின் இன்னொரு ஓட்டை வழியாக ரோட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கட்டிடம் மட்டும்தான் இப்படி என்று நினைத்துச் சிரிக்காதீர்கள். எழுந்து போய் உங்கள் வீட்டு பைப்பைப் பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள்.

டைல்ஸைப் பெயர்த்தோம். கீழே தொட்டி. தொட்டி நிறைய உடைந்த செங்கல், சிமெண்ட் சாக்கு, பெயிண்ட் டப்பா.

போர் போடுகிற வண்டிக்குச் சொல்லியாகிவிட்டது. இப்போது என்ன செய்வது? சார் தயங்கினார். “சுத்தம் பண்ணி வெச்சுட்டு மழைக்குக் காத்திருந்தா… மழை வரலைன்னா?”

“ஆழமா தோண்டி உப்பு வந்தா?” என்றேன். “மேலே கொட்டறதை ரோட்டுக்கு விட்டுட்டு கீழே போய்த் தேடறோமே சார். இதை உங்க கிளாஸ்ல பசங்க செஞ்சா சும்மா விடுவீங்களா?”

போர் வண்டியைப் பிறகு வரச் சொல்லிவிட்டார்கள்.

தொட்டியைச் சுத்தம் செய்து, தண்ணீர் வடிந்து மண்ணுக்குள் இறங்க ஜல்லியும் மணலும் போட்டோம். தணிகாசலம் கூப்பிடாமலே வந்தார். இலை தழை உள்ளே போகாமல் இருக்க ஒரு சல்லடை மூடியைப் பட்டறையில் செய்து கொண்டுவந்து பைப்பில் மாட்டினார். அரசங்கன்றை வேரோடு எடுத்து ஒரு டப்பாவில் நட்டு எடுத்துப் போனார். என்னைப் பார்த்துச் சரியாகப் பேசவில்லை. ஆனாலும் வந்தாரே!

பிறகு காத்திருப்பு. கத்திரி வெயில். மும்தாஜ் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிவிட்டாள். கிரைண்டரை மட்டும் கட்டவில்லை. நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன், அவள் துவா கேட்டாள். வானத்துக்கு இரண்டு பேரும் மனு போட்டிருந்தோம்.

ஒரு மத்தியானம் திடீரென்று இருட்டியது. கடல் காற்று நின்றது. அடித்தது பாருங்கள் ஒரு மழை! கட்டிடமே மூலைக்கு ஓடி வந்தது. பைப்புக்குள் தடதடவென்று தண்ணீர் இறங்குகிறது. தொட்டி அதைக் குடிக்கிறது. குடிக்கிற சத்தம் கேட்டது. உண்மையாகவே கேட்டது. சேவியர் சார் முட்டி போட்டுக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கோயிலில்கூட முட்டி வலிக்கிறது என்று உட்கார்ந்துகொள்கிறவர்!

அதற்கப்புறம் இன்னும் இரண்டு மழை. மாதக் கடைசியில் ஒரு காலை, மும்தாஜ் மோட்டார் சுவிட்சைப் போட்டாள். இருமியது. செம்மண் வந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கலங்கல் வந்தது… பிறகு தெளிந்தது.

அவள் ஒரு கை பிடித்து வாயில் ஊற்றினாள். உப்பா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“அம்மா,” என்றாள், “அரிசி ஊறப்போடட்டுமா?”

பொய் சொல்ல மாட்டேன். ஆறாக ஓடவில்லை. காலையில் அரை மணி ஓடும், மறுபடி இருமும். ஊரெல்லாம் பெய்த மழைதானே, அதனால் ஊறியிருக்காதா என்று கேட்பீர்கள். இருக்கலாம். ஆனால் எதிர்க் கட்டிடத்திலும் அதே மழைதான் பெய்தது. அவர்கள் மோட்டார் இன்னும் இருமிக்கொண்டுதான் இருக்கிறது. இந்த அரை மணித் தண்ணீர் மும்தாஜின் மாவுக்குப் போதும். சாக்கு மூட்டையை அவிழ்த்துவிட்டாள். மாவு பொங்குகிறது. பெண் இங்கேயே பத்தாவது படிக்கப் போகிறாள்.

ஆக, நீரோட்டக் கம்பி வேலை செய்யுமா? நான் பிடித்துப் பார்த்தவள், சொல்கிறேன். செய்யும். உங்கள் மனசில் என்ன இருக்கிறது என்று அப்படியே காட்டிக்கொடுக்கும். தண்ணீர் இருக்கிற இடம் அதற்குத் தெரியாது.

நேற்று தணிகாசலம் போன் செய்தார். கோபமெல்லாம் போயிருந்தது. இப்போது யார் கூப்பிட்டாலும் முதலில் மொட்டைமாடிக்குப் போய்ப் பைப்பைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறாராம். கம்பியும் பையில் இருக்கிறதாம். வீட்டுக்காரர்கள் அது இல்லாமல் விடுவதில்லையாம்!

“ஆனா ஒண்ணு ஒத்துக்கோம்மா,” என்றார். “நான் சொன்ன எடம்தானே?”

“ஆமாம் நைனா. நீ கண்ணைத் திறந்துக்கிட்டுச் சொன்ன இடம்.”