ஒரு கிள்ளு மாவு

என் அத்தைக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதே எழுந்து போய் ஃபேன் வேகத்தைக் கூட்டுவாள். இரண்டு வாய் சாப்பிட்டதும் மறுபடி எழுந்து குறைப்பாள். அப்பா தன் தங்கையைக் கூப்பிடுவதே ‘பம்பரம்’ என்றுதான். நாற்பத்தோரு வயதில் கூரியர் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அவள் பேக்கரிப் பள்ளியில் சேர்ந்தபோது வீட்டில் யாரும் திட்டவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. தையல், கம்ப்யூட்டர், அழகுக்கலை என்று அவள் பாதியில் விட்ட வகுப்புகளின் வரிசையில் இதையும் சேர்த்துவிட்டார்கள்.

“எத்தனை நாளைக்கு?” என்றார் அப்பா.

“ஆறு மாசம்ணா.”

“கோர்ஸைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்.”

அத்தை கொடியில் கிடந்த துணியை மடிக்கப் போனாள். அது இன்னும் காய்ந்திருக்கவில்லை.

பள்ளி ஒரு நாற்காலிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. எட்டு எஃகு மேசைகள், சுவரையொட்டி ஒரு பெரிய ஓவன், மாவு பொங்குவதற்கு நீராவி நிரம்பிய ஒரு கண்ணாடிப் பெட்டி. பாடம் நடத்திய மிஸ் அத்தையைவிடப் பதினைந்து வயது இளையவள். மாணவர்களில் அத்தை வயதுக்காரர் ஒருவர்தான். இருபது வருஷம் லாரி ஓட்டி முதுகு போனவர். எல்லாருக்கும் அவர் டிரைவர். செய்முறைத் தாள்கள் ஆங்கிலத்தில் இருந்ததால் சாயங்காலம் நான் அவற்றின் கீழே தமிழில் எழுதித் தருவேன். முதல் வரி முடிவதற்குள் அத்தை “ஆச்சா?” என்பாள்.

பிசைவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. காத்திருப்பதுதான் அவளால் ஆகாதது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கண்ணாடிப் பெட்டியைத் திறந்து எட்டிப் பார்ப்பாள். நீராவி வெளியேறி எல்லாருடைய மாவும் மேலே காய்ந்து ஏடு கட்டிவிடும். மூன்றாவது வாரம் டிரைவர் பெட்டியின் மேல் ‘அக்காவுக்கு அனுமதி இல்லை’ என்று எழுதி ஒட்டினார். அத்தை கிழித்தாள். மறுநாள் அதையே பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டினார். அதன்பின் காத்திருக்கும் நேரத்தில் அவள் தட்டுகளைக் கழுவினாள், கழுவி வைத்த தட்டுகளையும் சேர்த்து.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. மாவைப் பிசைந்து முடித்ததும், மூடி வைப்பதற்கு முன், ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டு மெல்ல வேண்டும். உப்பு விட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத்தான் தெரியும். முதல் நாளிலிருந்து மிஸ் இதைச் சொல்லாத நாளில்லை.

கடைசிப் பரீட்சைக்கு மூன்று மணி நேரம். பன்னிரண்டு பன் சுட்டு வைக்க வேண்டும். ஒரு பெரிய ஹோட்டலின் பேக்கரியில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதன் தலைமை பேக்கர் ஒருநாள் வகுப்புக்கு வந்து அத்தை பிசைவதைப் பார்த்துவிட்டு, “பாஸ் பண்ணிட்டு ஒண்ணாம் தேதி வாங்கம்மா” என்று சொல்லிப் போயிருந்தார். அந்த ஒண்ணாம் தேதிக்குப் பத்து நாள் இருந்தது.

பரீட்சையில் நடந்ததை அத்தை எனக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறாள், மூன்று முறையும் கூடத்தில் நடந்துகொண்டே.

எல்லாருக்கும் முன்னால் பிசைந்து முடித்து மூடிவிட்டாள். அரை மணியில் மாவு பாத்திர விளிம்பைத் தொட்டது.

“பாத்தீங்களா? உங்களுது இன்னும் தூங்குது” என்று பக்கத்து மேசைப் பக்கம் கிசுகிசுத்தாள்.

“ஓவர்டேக்கா அக்கா? இப்படிப் போனவனெல்லாம் எந்தப் பள்ளத்துல கிடந்தான்னு எனக்குத் தெரியும்” என்றார் டிரைவர்.

சிரித்துக்கொண்டே மாவை மேசையில் கொட்டினாள். அது நிற்காமல் பரவியது, விரலெல்லாம் ஒட்டியது. அப்போதுதான் ஒரு கிள்ளு எடுத்து மென்றாள். சப்பென்று இருந்தது. அவள் அளந்து வைத்த உப்பு, தராசுக்குப் பின்னால் சின்னக் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. உப்பில்லாததால்தான் மாவு அவ்வளவு வேகமாகப் பொங்கி இளகியிருந்தது.

“அப்படியே சுட்டுடுங்கக்கா. வெண்ணெய் தடவித் தின்னா தெரியாது” என்றார் டிரைவர்.

“பரிசோதகர் வெறும் பன்னைத்தானே தின்னுவாரு?” என்றாள் அத்தை. “எங்கண்ணன் காதுக்குப் போனா, ‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ன்னு நான் சாகற வரைக்கும் சொல்லுவாரு.”

உப்பை இரண்டு கரண்டித் தண்ணீரில் கரைத்து மாவில் ஊற்றினாள். மாவு வழுவழுவென்று துண்டு துண்டாகப் பிரிந்தது. பத்து நிமிஷம் அடித்துப் பிசைந்த பிறகு மறுபடி ஒன்று சேர்ந்தது. மறுபடியும் பொங்க வேண்டும். பெட்டிக்கு முன்னால் கைகளை அக்குளில் இறுக்கிக்கொண்டு நின்றாள். பன்களை உருட்டி உள்ளே வைத்தபோது அரை மணிதான் மீதி. உடனே சுட்டிருந்தால் நேரத்துக்குள் முடிந்திருக்கும், கல்லு மாதிரி. விரலால் ஒன்றை அழுத்தினாள். குழி சட்டென்று மேலே வந்துவிட்டது. இன்னும் ஆகவில்லை. பெட்டியை மூடினாள்.

மணி அடித்தபோது பன்கள் ஓவனில் இருந்தன. பதினோரு நிமிஷம் கழித்து எடுத்தாள். பரிசோதகர் ஒன்றைப் பிட்டுத் தின்றார். மீதிப் பாதியையும் தின்றார்.

“நல்லா வந்திருக்கும்மா. ஆனா மணி அடிச்சிருச்சே” என்று சொல்லிவிட்டுத் தாளில் கோடு போட்டார்.

வீட்டுக்கு வந்து பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். “பெயில்ணா.”

அப்பா பையைத் திறந்தார். ஒரு பன் தின்றார், இன்னொன்றை எடுத்தார். “அவ்வளவுதானா, இதுவும்?” என்று மட்டும் கேட்டார். அத்தை எழுந்து போய் ஃபேனைப் பார்த்தாள், அதைத் தொடவில்லை. அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் நாற்காலிக் கடை திறப்பதற்கு முன்பே போய்ப் படியில் நின்றாள். அடுத்த பரீட்சை ஆறு வாரம் கழித்து என்றாள் மிஸ்.

“ஆறு வாரமா? இன்னிக்கே வைங்க மிஸ். ஏப்ரன் கொண்டு வந்திருக்கேன்.”

“பரிசோதகர் வரணுமேக்கா.”

“அவரு வீடு எங்க?”

ஹோட்டல் வேலை டிரைவருக்குப் போயிற்று. அதைச் சொல்ல அவரே வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். “போய் நல்லா செய்யுங்க, அங்கயும் பெட்டி மேல எதாவது ஒட்டி வச்சிடாதீங்க” என்றாள் அத்தை. அவர் போனதும், நாளைக்குப் போட வேண்டிய சேலையை இன்றைக்கே எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். புது வகுப்பு காலை எட்டு மணிக்கு. அடுத்த பரீட்சை வரை அவளைக் கடைசி மேசையில் நின்று பழகிக்கொள்ள மிஸ் அனுமதித்திருக்கிறாள்.