பிள்ளை மடுவத்துப் பொருளியல்

தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே சுதர்ஷினி சிமெந்துத் தரையில் சோக்குக் கட்டியால் கோடு கிழிக்கிறார். நிமிர்ந்து ஒன்று, கிடையாக ஒன்று, நடுவே மேலிருந்து கீழே சரியும் ஒரு வளைகோடு. தொட்டிலில் சிணுங்கும் குழந்தைக்கு ராகம் போட்டுச் சொல்கிறார்: “வெல ஏறுனா வாங்குறது கொறையும்... வெல எறங்குனா வாங்குறது கூடும்... தூங்குடா கண்ணு.” பாயில் உட்கார்ந்து பிஸ்கட் தின்னும் சின்னவள் ஒருத்தியும் கூடவே இழுக்கிறாள்: “கொறையும்... கூடும்...”

நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் தேயிலைத் தோட்டம் அது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடத்தை அங்கே பிள்ளை மடுவம் என்பார்கள். சுதர்ஷினி அதன் பொறுப்பாளர். முப்பத்தைந்தைத் தாண்டியவர். சனிக்கிழமைகளில் பதுளைக்கு பஸ் ஏறி, டிப்ளோமா வகுப்பில் நுண்பாகப் பொருளியல் படிக்கிறார். தபால் கந்தோரில் வேலை பார்க்கும் நானும் அதே வகுப்புத்தான். எனக்குப் பதவி உயர்வு வேண்டும். அவருக்கு வேண்டியது வேறு.

அவர் பள்ளிக்கூடத்தில் கடைசிப் படியான உயர்தரம் படித்த காலத்தில் வர்த்தகப் பிரிவுக்குப் பொருளியல் ஆசிரியரே வரவில்லையாம். நியமனம் கிடைத்தவர் ஒரு பள்ளித் தவணைகூட நிற்காமல் மாற்றலாகிப் போய்விட்டார். புத்தகத்தைத் தாங்களே வாசித்துப் பரீட்சை எழுதினார்கள். மற்றப் பாடங்களில் தேறிச் சித்தியடைந்தார், இதில் மட்டும் இல்லை. “அந்த ஒரு பாடம் எனக்குப் பாக்கியா நின்னுபோச்சுங்க. கல்யாணம் கட்டியாச்சு, புள்ள பெத்தாச்சு, அது மட்டும் மனசுல முள்ளு மாதிரி கெடந்துச்சு.”

படித்ததை அவரால் வகுப்போடு விட்டுவர முடியாது. பதுளைச் சந்தையில் காய்கறி விற்கும் மபாஸிடம் ஒருநாள் பேரம் பேசினார்: “வெலிமடையில இருந்து இன்னைக்கு லொறி நெறைய வந்திருக்கு. நிரம்பல் கூடிருச்சு. கெரட் வெலய நீங்க எறக்கித்தான் ஆகணும்.”

கூடப் போயிருந்த என்னைப் பார்த்து, அண்ணன் என்ற பொருளில் நானா என்று கூப்பிட்டார் மபாஸ். “நானா, இவங்க என்ன சொல்றாங்க?”

“சாமான் நிறைய வந்தா விலை இறங்கணுமாம்.”

“அதச் சொல்லத்தானா இவ்வளவு? எடுத்துக்கிட்டுப் போங்க தங்கச்சி, கொறச்சுத் தாறேன்.” பை நிறைய கெரட்டோடு பஸ் நிலையம் வரைக்கும் சுதர்ஷினி சிரித்துக்கொண்டே வந்தார்.

முதல் தடவை அவர் பரீட்சையில் தவறிவிட்டார். விலை மாறும்போது, வளையி எனப்படும் அந்த வளைகோட்டின் மேலேயே ஏறி இறங்குவது ஒன்று, வளையியே இடம் பெயர்வது இன்னொன்று. இரண்டையும் மாற்றி எழுதியிருந்தார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் சிலர் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். புள்ளைக்கு மூக்கு சிந்தி விடுற வேலைக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. இன்னொரு தடவை தவறினால் பாடநெறியை விட்டு நீங்க வேண்டும் என்பது விதி. கணவர் சின்னராசா வெலிமடையில் காய்கறி லொறிக்கு மூட்டை ஏற்றுபவர், அதிகம் பேசமாட்டார். அந்த வாரம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “சனிக்கெழம சோறு நான் ஆக்குறேன். நீ போயிட்டு வா.”

மறுபடியும் முதலாம் வருட வகுப்பில், மகள் வயதுப் பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். ஒருநாள், என் வகுப்புக்கு நேரம் இருந்ததால் நானும் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன்; விரிவுரையாளர் இரகுநாதன் கரும்பலகையில் கேள்வி வளையியை வரைந்துகொண்டிருந்தார். பொருளை வாங்கும் விருப்பத்துக்குத்தான் எங்கள் பாடநூலில் கேள்வி என்று பெயர்.

“சேர், அந்தக் கோடு எங்க லயத்துக்குச் சரிவராதுங்க,” என்றார் சுதர்ஷினி. “சாமான் தட்டுப்பாடு வந்த வருசம் கோதுமை மா வெல ஏறுச்சு. நாங்க முந்தியவிடக் கூடத்தான் மா வாங்குனோம். எல்லா வீட்லயும் மூணு வேளையும் ரொட்டி.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். இரகுநாதன் சிரிக்கவில்லை. “நல்ல கேள்வி. அப்ப அரிசி விலை என்ன செய்தது எண்டு பாத்தனீங்களோ?”

சுதர்ஷினி பேனாவை உதட்டில் வைத்தபடி யோசித்தார். “அரிசி அதவிட மோசமா ஏறுச்சுங்க.”

“அப்ப சனம் எதை விட்டுட்டு எதுக்கு வந்தது?”

“அரிசிய விட்டுட்டு மாவுக்கு வந்தோம்.” சட்டென்று நிறுத்தினார். கண்கள் கரும்பலகையிலேயே இருந்தன. “அப்ப கோடு பொய் சொல்லல. கோடே வலப்பக்கம் நகந்துருச்சு. நான் சொன்னதுதான் தப்புங்க, சேர்.”

தப்பு என்ற சொல்லை இத்தனை சந்தோசமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இடைவேளையில் தேநீர் குடிக்கும்போது என் கையைப் பிடித்து உலுக்கினார். “போன தடவ நான் எங்க விழுந்தேன்னு இப்பத்தாண்ணே தெரியுது!” அவருடைய தேநீர் ஆறிப்போனது. என்னுடையது பாதி கீழே சிந்தியது.

இரண்டாம் பரீட்சையில் அந்த வினாவே வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. வந்த வினாக்களுக்கு அவர் தானே விடை கண்டு எழுதினார்.

பரீட்சைப் பெறுபேறு வந்த நாளில் நான் தொலைபேசியில் சொல்லாமல் நேரே தோட்டத்துக்குப் போனேன். வேலை முடிந்து தாய்மார் பிள்ளைகளை எடுக்க வந்திருந்த நேரம். சுதர்ஷினி கீழே உட்கார்ந்து ஒரு குழந்தைக்குக் கால் கழுவி விட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே மற்றக் காலையும் கழுவி முடித்தார். விசயம் அதற்குள் வாசல்வரை போய்விட்டது.

பேத்தியை இடுப்பில் வைத்திருந்த பெரியாயி உரக்கக் கேட்டார்: “என்னா பாடம்டி பாஸாகியிருக்க?”

“நுண்பாகப் பொருளியல், அக்கா.”

“என்னாது? வெளிய நிக்கிறவளுகளுக்கும் கேக்குற மாதிரி சொல்லு.”

சுதர்ஷினி குழந்தையை என் கையில் கொடுத்தார். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். எழுந்து, நிமிர்ந்து நின்று, பாடத்தின் பெயரை முழுதாகச் சொன்னார்.