தொண்ணூறு நாள் அழிக்கக் கூடாது!

போன வாரம் ஒரு சாயங்காலம். ஷிப்ட் முடிந்து வந்த இசக்கி, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் என் கதவைத் தட்டினாள். பேயறைந்த முகம்.

இசக்கி தென்காசிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. சேரப்பணஞ்சேரியில் ஒரே வீட்டில்தான் வாடகைக்கு இருக்கிறோம் — நான் கீழே, அவள் மாடியில்.

"யக்கா, என்னைப் போலீசு பிடிச்சிட்டுப் போயிருவாவளா?"

"எதுக்குடி?"

"வாட்ஸ்அப் மெசேஜை அழிச்சிட்டேன்..."

விஷயம் இதுதான். மெசேஜ்களைத் தொண்ணூறு நாள் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும் — சைபர் பாதுகாப்புக்காக அரசு இப்படி ஒரு வரைவு போட்டிருப்பதாக டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. வரைவுதான், சட்டமில்லை. ஃப்ளாஷ் நியூஸ் ஓடுகிற வேகத்தில் அதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள்?

சத்தம் கேட்டு வந்த ஹவுஸ் ஓனர் வேணு அண்ணன் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினார்.

"நீ இங்க அழிச்சினா டெல்லில சிகப்பு லைட்டு எரியும்மா. அல்லாத்தையும் பாத்துக்கினுதான் கீறாங்க."

"நம்ம தெரு லைட் ஒரு மாசமா எரியலையே அண்ணே... அதைப் பாக்கலையா?" என்றேன் நான்.

"அது பஞ்சாயத்து. இது சைபரு!"

நாம் எல்லோருமே இப்படித்தான், இல்லையா? ரோட்டுக் குழி அரசாங்கத்தின் கண்ணில் படாது என்று திட்டுவோம். நம் குட் மார்னிங் மெசேஜை மட்டும் அது உட்கார்ந்து படிக்கிறது என்று நடுங்குவோம். நானும்தான் — சத்தமில்லாமல் என் போனை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

"அப்படி என்னத்தைதான் அழிச்சே?"

தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாம் சுடலை அனுப்பியவை. மாமன் மகன். பென்னலூரில் வேலை. நிச்சயமாகிவிட்டது. லீவு நாளில் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓ.டி.க்குப் போய்விட்டானாம். அந்தக் கோபத்தில் அத்தனை மெசேஜும் காலி! மூன்று வாரமாகப் பேச்சில்லை. கல்யாணமே வேண்டாம் என்று ஊருக்குப் போன் பண்ணுகிற யோசனையில் இருந்திருக்கிறாள்.

இப்போது வேறு வழி? ரோஷத்தை ஓரங்கட்டிவிட்டு டைப் அடித்தாள். 'அத்தான், பழைய மெசேஜ் எல்லாம் திருப்பி அனுப்புங்க. கவர்மெண்டுல கேக்காவ. வேற ஒண்ணுமில்ல.'

ஐந்து நிமிடம்... பத்து நிமிடம்... அப்புறம் டிங். டிங். டிங். பையன் ஒன்றைக்கூட அழிக்கவில்லை!

பாதிக்கு மேல் 'சாப்பிட்டியா?' மிச்சம் 'தூங்கிட்டியா?' தேசத்துக்கு எந்த ஆபத்தும் இருப்பதாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று வந்தது. 'தப்பு என் மேலதான். ஞாயித்துக்கிழமை வாரேன்.'

"யக்கா... இது பழசு இல்லியே!"

போலீஸ் பயம் போன இடம் தெரியவில்லை.

மறுநாளே அரசு அந்த வரைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. செய்தி கேட்டு மாடிக்கு ஓடினேன்.

"இசக்கி, வாபஸ் வாங்கிட்டாங்க! இனிமே நீ தாராளமா அழிக்கலாம்."

போனில் சுடலையின் மெசேஜிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"அவிய வாபஸ் வாங்கிட்டா, நானும் வாங்கணுமாக்கா?"