பட்டையில் கருங்குப்பிகள்

சண்டைக்கு முன்பு பதினோரு ஆண்டுகள், மலாயாவில் மெர்போக் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் வெள்ளைக்கார நோய் ஆய்வாளருக்கு லியோனார்ட் நுண்ணோக்கியின் கண்ணாடித் தகடுகளைக் கழுவினார். கழுவக் கழுவக் கற்றும்கொண்டார். பூஞ்சைகள் அவருக்கு இரண்டு வகை: குடை பிடிப்பவை, பை கட்டுபவை. வேரை அழுக வைப்பது குடைவகை. பால் சீவிய பட்டையில் சாம்பலாகப் பூத்து அதை அழுக வைப்பது பைவகை. ஒரு பைக்குள் எட்டு வித்துகள். அந்தப் பை பார்ப்பதற்குள் கரைந்துவிடும். அதனால் அந்தப் பூஞ்சையை எந்த வகையில் வைப்பதென்று ஆய்வாளரே பல நாள் யோசித்தார்.

ஆய்வாளரை ஜப்பானியர் சிறைக்குக் கொண்டுபோனார்கள். லியோனார்ட் மரவள்ளி நட்டார்.

1943இல், விடாத மழையில், பால் சீவும் முருகையாவின் நிரையில் முப்பது மரங்களின் பட்டை கறுத்தது. வேண்டுமென்றே கத்தியால் கொத்தியிருக்கிறான் என்றார் ஜப்பானிய நிர்வாகி. அப்படியானால் திங்கட்கிழமை ரயிலில் சயாமுக்கு, தண்டவாளம் போட. முன்பு போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை.

லியோனார்ட் நிரைக்குப் போனார்.

"கொத்துனியா?"

"நான் ஏண்ணே கொத்தப்போறேன்? காலைல வெள்ளையா பூத்திருக்கும். துரை பாக்கறதுக்குள்ள கத்தியால சுரண்டிட்டுத்தான் சீவுவேன். என் மரம் மாதிரி சுத்தமா யாரு வெச்சிருக்கா, சொல்லுங்க லா."

"இது நோய். நான் பேசறேன்."

ஆபீசில் பட்டைத் துண்டை மேசைமேல் வைத்துப் பூதக்கண்ணாடியை நீட்டினார். நிர்வாகி குனிந்தார். உருண்டை அடியும் நீண்ட கழுத்துமாகக் கருங்குப்பிகள் நின்றன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு பசைத்துளி.

"துளி முழுக்க வித்து, துவான். இது பூஞ்சை. மனிதன் கொத்தியதல்ல" என்றார் லியோனார்ட், மலாயில்.

நிர்வாகி நெடுநேரம் பார்த்தார். தலையாட்டினார். பக்கத்தில் நின்ற, கணக்கெழுதும் கிராணி நடராஜா மூச்சு விட்டார்.

"மரத்துக்கு மரம் எப்படிப் போகிறது?"

எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. பதிலின் வரிசை மாறியதே இல்லை.

"கத்தி, மழை, பூச்சி" என்றார் லியோனார்ட்.

வாசலில் நின்ற முருகையாவை உள்ளே கூப்பிட்டார்கள். பூத்த இடத்தைக் கத்தியால் தொடுவாயா என்று கேட்கச் சொன்னார் நிர்வாகி. நடராஜா கேட்டார்.

"தெனமும் சுரண்டிருவேன், கிராணியாரே. ஒரு மரம் விட்டதில்ல."

நடராஜா லியோனார்டைப் பார்த்தார். பிறகு அதை அப்படியே மலாயில் சொன்னார்.

நாசவேலை இல்லை, நோயைப் பரப்பினான் என்று தீர்ப்பானது. ரயில் அதே ரயில்தான்.

திங்கட்கிழமை லாரியில் ஏறும்போது முருகையா கேட்டார்:

"சுரண்டாம விட்டிருந்தா திட்டிருப்பாங்கதானேண்ணே?"

"திட்டிருப்பாங்க."

"அதான்" என்று சொல்லி உள்ளே நகர்ந்து மற்றவர்களுக்கு இடம் விட்டார்.

பட்டைக்குப் பூசும் தார் மருந்து எங்கும் கிடைக்கவில்லை. சேற்றைப் பூசச் சொன்னார்கள். லியோனார்ட் முப்பது மரங்களுக்கும் பூசினார்.