கழுத்து வரை மை

என் அண்ணன் கலையரசனின் மனைவி சந்திரகலாவுக்குப் பத்தாம் வகுப்பில் ஒரே ஒரு பாடம் பாக்கி. சமூக அறிவியல். பள்ளியில் படித்தபோது அந்தக் கடைசிப் பரீட்சைக்கு முதல் நாள் அம்மை போட்டு, தலைமாட்டில் வேப்பிலையோடு படுத்துவிட்டார். அதற்குள் கல்யாணம், பிள்ளைகள் என்று ஆகிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது. தொண்ணூற்றாறு அக்டோபரில் தனித்தேர்வராகப் பணம் கட்டி எழுதினார். இருபத்தொன்பது மார்க். படிக்காததால் போகவில்லை, எழுத முடியாததால் போனது. இதைச் சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. நம்பாதவர்களோடெல்லாம் நான் சண்டை போட்டேன். என் பெயர் தென்றல். வைத்தவர்கள் என் வாயைப் பார்க்காமல் வைத்துவிட்டார்கள்.

அண்ணியின் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு முடிந்துவிடும். கீழ்பென்னாத்தூர் பக்கம் எங்கள் களத்தில், தொண்ணூறாம் வருஷம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கும் மிஷினில் போனது. பக்கத்தில் நின்று கூடை மாற்றிக்கொண்டிருந்தவள் நான். ஏதோ ஒன்றுக்கும் உதவாத பேச்சுக்கு அவரைக் கூப்பிட்டேன். அவர் திரும்பினார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அந்தக் கையோடுதான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளராக இருந்தார். நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு அரிசி களைவார், சாம்பார் இறக்குவார், அண்டா கழுவுவார். எல்லாம் வந்தது. பால்பாயிண்ட் பேனா மட்டும் பிடிக்க வரவில்லை. அத்தனை ஒல்லியானதைக் கட்டை விரலுக்கும் அந்த இரண்டு மொட்டை விரலுக்கும் நடுவே இறுக்கி இறுக்கி, நாலு பக்கம் எழுதுவதற்குள் கை மரத்துவிடும். அக்டோபரில் அப்படித்தான் பாதிப் பரீட்சையில் கை நின்றுவிட்டது.

சத்துணவு அமைப்பாளர் ராணியம்மாள் டீச்சர் தொண்ணூற்றேழு ஜூனில் ஓய்வு பெறப் போகிறார். பத்தாவது பாஸ் செய்திருந்தால் அந்த இடத்துக்கு அண்ணி மனுப் போடலாம். இடையில் இருப்பது ஏப்ரல் பரீட்சை ஒன்றுதான். அதை விட்டால் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஆள் இளவயதாக இருந்தால் அண்ணி சாகும் வரை அண்டாதான். சொல்வதை எழுத ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று கல்வி அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தோம். "ரெண்டு வெரல் நுனிதானேம்மா போயிருக்குது, இதுக்கெல்லாம் ஆள் குடுக்க மாட்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நுனியாம். அவர்கள் நுனியைக் கொடுத்துவிட்டுப் பேசட்டும்.

பொங்கல் கழிந்து திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறினோம். தேரடி வீதியில் ராஜமாணிக்கம் என்பவர் ஒரு பேனாக் கடை வைத்திருந்தார். அண்ணி கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் தடியா ஒரு பேனா வேணுங்க" என்றார்.

"லேடீஸுக்கு நல்லா ஸ்லிம்மா வந்திருக்குதும்மா, பாருங்க" என்று அவர் ஊசி ஊசியாக எடுத்து அடுக்கினார்.

"தடியான்னு கேட்டா ஊசி எடுத்துப் போடுறீங்களே, காதுல விழலியா?" என்றேன். அண்ணி என் காலை மிதித்தார்.

ராஜமாணிக்கம் கோபப்படவில்லை. "எவ்ளோ தடின்னு தெரியணும்ல? கையக் காட்டுங்க" என்றார். அண்ணி ரொம்ப நேரம் தயங்கினார். பிறகு கையை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். ராஜமாணிக்கம் ஒன்றன்பின் ஒன்றாகப் பேனாக்களை அந்தக் கையில் வைத்து வைத்துப் பார்த்தார். நடுத்தரமானது வழுக்கியது. பித்தளை போட்ட ஒன்று நன்றாக நின்றது, ஆனால் கனம். அரைப் பக்கத்தில் மணிக்கட்டை இழுத்தது. கடைசியில் ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் கடைந்த கறுப்புப் பேனா ஒன்றை இறக்கினார். கட்டை விரலைவிடத் தடி. மூடியைக் கழற்றி வைத்தாலே சாதாரணப் பேனா நீளம் இருந்தது.

"மேஜையில வெச்சி அழகு பாக்கத்தான் இத வாங்குவாங்க. எழுதறதுக்குன்னு யாரும் கேட்டதில்ல. பாக்கத்தான் இப்டி, கனமே கெடையாது" என்றார்.

அண்ணி அதை வாங்கினார். இறுக்கவில்லை. பேனா கட்டை விரல் இடுக்கில் தானாகச் சாய்ந்து உட்கார்ந்தது, மொட்டை விரல்கள் இரண்டும் அதன் மேல் படுத்துக்கொண்டன. பிள்ளையார் சுழி போட்டார். பிறகு தன் பெயரை எழுதினார். பிறகு என் பெயரை. பிறகு நிறுத்தாமல் ஐரோப்பியர் வருகைக்கான காரணங்கள் என்று ஆரம்பித்துவிட்டார். கடைக்காரர் வேறு தாள் கொடுக்க வேண்டியதாயிற்று. விலை நாற்பத்தைந்து ரூபாய்தான். நான் நூறாவது இருக்கும் என்று பயந்திருந்தேன்.

மை ஊற்றும் விதத்தை ராஜமாணிக்கம் இரண்டு முறை சொன்னார். "இதுக்குள்ள ரப்பர் ட்யூப்பு எதுவும் கெடையாது. இந்த உடம்பு மொத்தமும் மைதான். கழுத்து வரைக்கும் ஊத்துங்க. சிந்திடும்னு பயந்துகிட்டு பாதி ஊத்தினீங்கன்னா, மீதிக் காத்து கை சூட்டுல பொங்கி மையக் கக்கிடும். மரையில கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கிங்க."

அண்ணி பயந்துகொண்டு பாதிதான் ஊற்றினார். அது அவர் சுபாவம். பால் காய்ச்சினாலும் பாத்திரத்தில் பாதிதான். மூன்றாம் நாளே பேனா ஒரு பெரிய சொட்டை நோட்டின் நடுவில் துப்பியது. அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. பரீட்சைத் தாளில் இப்படி விழுந்தால் அடையாளம் போட்டதாகச் சொல்லித் தாளையே செல்லாது என்று ஆக்கிவிடுவார்கள் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். அது உண்மையோ பொய்யோ, அதன் பிறகு அந்த நினைப்பு அவரை விட்டுப் போகவே இல்லை. கழுத்து வரை ஊற்றப் பழகினார். ஆனால் ஐந்து வரிக்கு ஒரு தடவை பேனாவைத் தூக்கி நிப்பைப் பார்ப்பார். சோறு தின்னும்போதும் திடீரென்று எழுந்து போய்ப் பார்ப்பார்.

"இது பேனாவா உலக்கையா?" என்று அண்ணன் கிண்டல் செய்தான். பிள்ளைகளை அண்ணி அதைத் தொட விடவில்லை. மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் சமையல்கூடத்து வாசலில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுவார். மார்ச் கடைசியில் இரண்டரை மணி நேரத்தில் பதினான்கு பக்கம் வந்தது. கை மரக்கவில்லை. எனக்கு நம்பிக்கை வந்தது. அவருக்கு வரவில்லை.

பரீட்சை திருவண்ணாமலையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அண்ணி பேனாவை மெழுகுவத்தி பிடிப்பதுபோல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே வந்தார். வாசலில் மை புட்டியை என்னிடம் நீட்டினார்.

"இது வேணாம் தென்றல். கை தட்டி அங்க கொட்டிடுச்சின்னா போச்சி. பேனாவுல நெறைய இருக்குது."

"இருந்துட்டுப் போவுது, எடுத்துட்டுப் போங்க அண்ணி."

"வேணாம்டி." புட்டியை என் பையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

உள்ளே நடந்ததை அவர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். மணி பதினொன்று இருபது. பாதிக்குக் கிட்ட எழுதியாகிவிட்டது. பறக்கும் படை வந்தது. அதில் ஒரு அதிகாரி வெள்ளைச் சட்டை. சுற்றிலும் பையன்களும் பெண்களுமாக இருக்கும் அறையில் புடவை கட்டிக்கொண்டு ஒரு பெண், அதுவும் கையில் அவ்வளவு பெரிய பேனாவோடு. அவர் கண் நேராக அங்கேதான் போனது.

"இன்னாமா இது, இவ்ளோ குண்டா? உள்ள இன்னா வெச்சிருக்க?"

"மைங்க சார்."

"இவ்ளோ பெரிசுல மை மட்டுமா? குடு."

அவர் நிப்புப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு பேனாவின் உடம்பைத் திருகினார். அண்ணிக்கு உயிர் போய்விட்டது. "தெறக்காதீங்க சார், தெறக்காதீங்க" என்று கெஞ்சினார். அதுதான் தப்பாகிப் போனது. திறக்க வேண்டாம் என்று கெஞ்சினால், உள்ளே துண்டுத்தாள் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அவர் வேகமாகத் திருகி, உள்ளே இருப்பது விழட்டும் என்று கவிழ்த்தார்.

கழுத்து வரை ஊற்றியிருந்த மையில் எழுதியது போக மீதி மொத்தமும் வந்தது. அவர் சட்டையில் பாதி, மேஜையில் பாதி. அண்ணியின் இடது கை அதற்கு முன்பே விடைத்தாளைத் தூக்கிவிட்டது. அண்டாவில் உலை பொங்கும்போது கை தானாகப் போகுமே, அப்படிப் போனது என்றார். தாளில் ஒரு சொட்டும் இல்லை. அதிகாரி சட்டையைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். மன்னிப்பு கேட்கும் வழக்கம் இல்லாதவர் போலிருக்கிறது. அண்ணியின் தேர்வு எண்ணை ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு, கழன்ற பேனாவை மேஜையில் போட்டுவிட்டு வெளியே போனார்.

நீலமாகிப்போன சட்டையோடு அந்த அதிகாரி வாசலில் குழாயடிக்கு வந்ததை நான் பார்த்தேன். யாரோ ஒரு பொம்பளையின் பேனா கொட்டிவிட்டது என்று வாட்ச்மேன் சொன்னார். பையில் மை புட்டி இருக்கிறது, அண்ணி முப்பது கஜ தூரத்தில் மை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார். வாட்ச்மேனிடம் கெஞ்சினேன், திட்டினேன், கேட்டைப் பிடித்து உலுக்கினேன். "உள்ள எதுவும் போவக் கூடாதும்மா" என்று அவர் ஒரே பேச்சாக நின்றார். அந்த ஒரு மணி நேரம் நான் எத்தனை சாமியைக் கூப்பிட்டேன், எத்தனை பேரைச் சபித்தேன் என்று கணக்கில்லை. களத்தில் அன்று நின்றவள் நான், இன்று புட்டியை வாங்கி வைத்துக்கொண்டவளும் நான்தான் என்று மனம் அடித்துக்கொண்டே இருந்தது.

உள்ளே கண்காணிப்பாளராக இருந்த டீச்சர் ஓடிவந்து ஒரு பால்பாயிண்ட் பேனாவைக் கொடுத்தார். மை ஈரத்தில் அது மொட்டை விரலில் ஒரு வார்த்தைகூட நிற்கவில்லை. வழுக்கிக் கீழே விழுந்தது. அண்ணி குனிந்து அதை எடுக்கவில்லை. மேஜையைப் பார்த்தார். பழைய மேஜை, பேனா வைக்க மேலே நீளப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். அந்தப் பள்ளம் நிறைய மை நின்றது. வழிந்து போகாமல் இருக்க முந்தானையைச் சுருட்டி ஓரத்தில் அணை கட்டினார். பேனாவைப் பூட்டி, நிப்பைப் பள்ளத்தில் தொட்டு எழுத ஆரம்பித்தார். ஒரு தடவை தொட்டால் இரண்டு வரி. தொடு, ஓரத்தில் வழி, எழுது. சொட்டிவிடாமல் இடது கையைக் கீழே ஏந்திக்கொண்டார்.

ஏப்ரல் வெயில். மை மரத்தில் ஊறியது, ஓரத்தில் காய்ந்தது. கேள்விகள் தீரும் வேகமும் மை தீரும் வேகமும் ஒன்றாக ஓடின. நிலப்படத்தை முடித்து, கடைசிப் பெருவினாவில் இருக்கும்போது பள்ளத்தில் ஈரம் மட்டும்தான் மிச்சம். அண்ணி முந்தானையை எடுத்துப் பிழிந்தார். நாலைந்து சொட்டு வந்தது. அதில் எட்டு வரி எழுதினார். மணி அடித்தது.

வெளியே வந்தபோது முழங்கை வரை நீலம், புடவை பாழ். நான் ஓடினேன். "எழுதினீங்களா அண்ணி?"

"எழுதிட்டேன். தாள்ல ஒரு சொட்டு படல" என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்த அதிகாரி வந்த கதையைச் சொன்னார். "நம்பர எழுதிட்டுப் போயிட்டான்டி அந்த ஆளு. ரிசல்ட்ட நிறுத்தி வெச்சிடுவாங்களா?"

எனக்கும் தெரியவில்லை. இல்லை என்று சத்தியம் செய்தேன்.

அந்த நம்பர் இரண்டு மாதம் அவரைத் தூங்க விடவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பினால் உள்ளே போய்விடுவார். ஜூனில் பேப்பரில் முடிவு வந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். எண் இருந்தது. அண்ணி நம்பவில்லை. ராணியம்மாள் டீச்சரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார், பிறகு தலைமையாசிரியரிடம். அப்புறமும் மார்க் ஷீட் வரட்டும் என்றார். வந்தது. ஐம்பத்து நாலு.

மனுப் போட்டு, அமைப்பாளர் வேலைக்கான ஆணையும் வந்து, அதோடு ஒன்றிய அலுவலகத்துக்குப் போன அன்றைக்கும் அவருக்குப் பயம். அரிசி, பருப்பு, பிள்ளைகள் கணக்கு என்று வேலையே எழுத்து வேலை. கையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? பணியில் சேருவதாகத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும் என்றார் அங்கிருந்த எழுத்தர். தாளை நீட்டியவர் அப்போதுதான் கையைப் பார்த்தார்.

"நான் எழுதிடறேம்மா. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். பின்னால் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள்.

"வேணாங்க சார்" என்றார் அண்ணி. "கொஞ்ச நேரம் ஆவும். இருங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் கறுப்புப் பேனாவை எடுத்து எழுதினார். பெறுநர், பொருள், ஆணை எண், தேதி, முற்பகல் என்று எதையும் விடவில்லை. நிப்பைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை. வரிசையில் ஒருவர் உச்சுக் கொட்டினார். நான் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தேன். எழுத்தர் தன் பேனாவை மூடி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அண்ணி எழுதி முடிக்கும் வரை காத்திருந்தார்.