இரண்டாவது வண்டி

அந்த வாரம் முழுக்க என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டோடு எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். படுத்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். விமானி உரிமம் கைக்கு வந்து நான்கு வருஷம் ஆகியும் வேலை கிடைக்காமல், ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் வீட்டில் சும்மா கிடந்தவள் நான். தெருவில் யாராவது "இன்னாம்மா, பிளேன் ஓட்டப் போவலியா?" என்று கேட்டால் சிரித்து வைப்பேன். உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு பல்லைக் கடிப்பேன். அப்படிப்பட்டவளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு கம்பெனிகளிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. குதித்திருக்க வேண்டும். நான் இரண்டு கடிதத்தையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டு திரிந்தேன்.

இரண்டுமே சின்ன ஊர்களுக்குப் பறக்கும் கம்பெனிகள். விமானமும் ஒரே வகை, எழுபது பேர் உட்காரும் புரொப்பல்லர் விமானம். இரண்டிலும் சேர்ந்தால் ஐந்து வருஷத்துக்கு வேறெங்கும் போகக் கூடாது. முதல் கம்பெனி பழையது. ஹைதராபாத்தில் தங்க வேண்டும். நேர்முகத் தேர்வில் என்னை முக்கால் மணி நேரம் வறுத்தெடுத்தார்கள், ஒருத்தரும் சிரிக்கவில்லை. இரண்டாவது கம்பெனி புதிது. சென்னைதான் இருப்பிடம். நான் எந்த ஊர் என்று விசாரித்துவிட்டு, "நாங்கள் பறக்கப்போகும் ஊர்களின் பட்டியலில் வேலூரும் இருக்கிறது" என்றார் எதிரே இருந்தவர். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். மற்ற கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னேன் என்றே நினைவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வேலூர்ப் பக்கம் கிளம்பினேன். பள்ளிகொண்டா தாண்டும்போதே முதுகு வலித்தது, இருந்தாலும் விடவில்லை. ஊருக்கு வெளியே, இன்னும் விமானம் எதுவும் வந்து போகாத விமான நிலையத்தில், ஓடுபாதையின் வேலி ஓரமாக வண்டியை நிறுத்தி, கம்பியில் விரலை மாட்டிக்கொண்டு பார்த்தேன். வெயிலில் தார் மினுங்கியது. ஓர் ஆள்கூட இல்லை. எந்தப் பக்கத்துக் காற்றில் எந்தப் பக்கம் இறங்குவது, குன்றுகளைத் தாண்டி எங்கே திரும்புவது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். என் குரலில் "வேலூருக்கு வந்து சேர்ந்துவிட்டோம்" என்று தமிழில் அறிவிப்பதைக்கூட இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய ஆரம்பித்தது.

ஆனால் திரும்பி வரும்போது மாதனூர் அருகே மனசு மாறிவிட்டது. பழைய கம்பெனிதான் கெட்டி. வீட்டுக்கு வந்ததும் மறுபடி மாறியது. அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் எத்தியோப்பியாவில் ஒரு தோல் தொழிற்சாலையில் டெக்னீஷியன். என் படிப்புக்காகப் பத்து வருஷமாக அங்கேயே இருக்கிறார்.

"எனக்கு ஒரே லெட்டர்தான் வந்துச்சி, ஏறிக்கினு வந்துட்டேன். நீ ரெண்டு வெச்சிக்கினு அழுவுற. இது பேஜார் இல்லம்மா, அதிர்ஷ்டம். நீயே பாத்துக்கோ" என்றார்.

பாத்துக்கோ என்று சொல்வது சுலபம். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது.

சாயங்காலம் அம்மா கம்பெனி வண்டியில் வந்து இறங்கினாள். அம்மா ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் இருக்கிறாள், இருபத்திரண்டு வருஷமாக. மேலே போட்டிருந்த கம்பெனிக் கோட்டில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைக் கிள்ளிப் போட்டபடியே நான் சொன்னதை எல்லாம் கேட்டாள்.

"இதுக்கா நாலு நாளா சோறு தண்ணி இல்லாம திரியுற? ரெண்டு எடத்துலயும் பேர் குட்றி. எந்த வண்டி முன்ன வருதோ அதுல ஏறு."

இதை அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வேலைக்குச் சேரும் முறையே அதுதான். ஒவ்வொரு ஷூ கம்பெனிக்கும் ஊர் ஊராகப் போய் ஆள் ஏற்ற வண்டி உண்டு. வேலை தேடும் பெண் இரண்டு மூன்று கம்பெனிகளில் பேர் கொடுத்து வைப்பாள். திங்கட்கிழமை காலையில் சாப்பாட்டுக் கூடையோடு ஸ்டாப்பிங்கில் போய் நிற்பாள். எது முதலில் வந்து நிற்கிறதோ அதில் ஏறிவிடுவாள். மற்ற கம்பெனிக்காரன் அவள் பேரை அடித்துவிட்டு அடுத்த ஆளைப் போட்டுக்கொள்வான். யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை. அம்மா சேர்ந்ததும் அப்படித்தான், அத்தை சேர்ந்ததும் அப்படித்தான்.

உலகம் முழுக்க இப்படித்தான் என்று நானும் நம்பிவிட்டேன். படித்தவள்தான், விமானம் ஓட்டத் தெரிந்தவள்தான், என்ன செய்ய? இரண்டு கடிதத்திலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அனுப்பியதும் கால் ஆடுவது நின்றது. இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. குறிப்பிட்ட விமானத்தை ஓட்டுவதற்கென்று தனியாக ஒரு பயிற்சி எடுக்க வேண்டும். அதற்கான சிமுலேட்டர் வைத்திருக்கும் மையத்திலிருந்து வந்திருந்தது. "உங்கள் பெயர் இரண்டு கம்பெனிகளின் பட்டியலிலும், ஒரே தேதியில் இருக்கிறது. எதை வைத்துக்கொள்வது?" இரண்டு வரிதான். மேலே பார்த்தேன். இரண்டு கம்பெனிகளுக்கும் அதே கடிதத்தின் நகல் போயிருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்த பிறகுதான் நான் நின்றுகொண்டிருப்பது சமையலறை என்பதே தெரிந்தது.

பத்து நிமிஷத்தில் பழைய கம்பெனியின் பெண் அதிகாரி கூப்பிட்டார். ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல் பேசினார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது உங்களுக்கு விளையாட்டா? உங்கள் இடத்துக்கு வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள். இன்று ஐந்து மணிக்குள் எழுத்தில் பதில் வரவில்லை என்றால் உங்கள் பெயரை எடுத்துவிடுவோம். நான் "யெஸ் மேம்" தவிர எதுவும் சொல்லவில்லை. அவமானத்தில் காது சுட்டது.

அடுத்து புதுக் கம்பெனிக்காரர். தமிழர், தேனாகப் பேசினார். "நோ டென்ஷன் மேடம். எல்லாரும் ரெண்டு எடத்துல போட்டு வெக்கிறதுதான். பொறுமையா சொல்லுங்க." அந்த நிமிஷம் அவரைக் கும்பிடத் தோன்றியது. இவர்கள்தான் நம் ஆட்கள், இங்கேயே சேர்ந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவும் ஒரு கால் மணி நேரம்தான் நின்றது.

அம்மாவைக் கேட்க வேண்டும். ஆனால் உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்கு ஷூ கம்பெனி வாசலுக்கே போனேன். செக்யூரிட்டி அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஆள் அனுப்பினார். அம்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தாள், கையில் ஷூ ஒட்டும் சொல்யூஷன் வாடையோடு.

"இன்னாடி, அப்பாக்கு இன்னா ஆச்சி?"

"அப்பாக்கு ஒண்ணும் இல்ல. நீ சொன்ன மாதிரி ரெண்டுலயும் பேர் குடுத்தேன். மாட்டிக்கினேன். அஞ்சி மணிக்குள்ள ஒண்ணு சொல்லணும், இல்லன்னா பழைய கம்பெனி வேல பூடும்."

அம்மா அந்தப் பக்கத்திலிருந்து கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, நான் கேட்காத ஒன்றைச் சொன்னாள்.

"அன்னிக்கி நான் வேற கம்பெனி வண்டிக்குத்தான் நின்னுக்கினு இருந்தேன். அங்க ஷூவுக்குப் பேட்டர்ன் வரையக் கத்துக் குடுப்பாங்கன்னு சொன்னாங்க. எனக்கு வரையணும்னு ஆச. இந்த வண்டி முன்ன வந்துச்சி. அது வராம போய்ட்டா இன்னா பண்றதுன்னு பயந்துக்கினு ஏறிட்டேன். ஏறி உக்காந்து பாக்குறேன், பின்னாலயே அதுவும் வருது."

"இறங்க வேண்டியதுதானம்மா?"

"ஏறி உக்காந்துட்டனே" என்றாள், அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா? நீயே ஏமாந்த வழியத்தான் எனக்கும் காட்டுனியா?" என்று வாசலிலேயே கத்தினேன். செக்யூரிட்டி அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா கோபப்படவில்லை. "ஏமாந்துட்டேன்னு யாரு சொன்னா? வேல இருந்துச்சி, நீ படிச்ச. போ, வெயில் ஜாஸ்தியா கீது" என்றாள். மணி அடித்தது. தொப்பியை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கம்பெனி எதிரே புளிய மரத்தடியில் ஸ்கூட்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன். ஓரமாக வரிசையில் கம்பெனி வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான், இத்தனை நாளாகக் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் படித்தும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி உறைத்தது. எங்கள் ஊரில் வண்டியே இல்லாத கம்பெனிக்கு யாரும் பேர் கொடுக்க மாட்டார்கள். புதுக் கம்பெனிக்காரரைக் கூப்பிட்டேன்.

"சார், பிளேன் வந்துடுச்சா?"

"ரெண்டு வருது மேடம். பேப்பர்ஸ் எல்லாம் ப்ராசஸ்ல இருக்கு."

"எப்ப சார் வரும்?"

"சீக்கிரம் மேடம். நீங்க ஏன் கவலைப்படுறீங்க?"

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியவில்லை என்பதுதான் குரலில் இருந்தது. வேலூர் ஓடுபாதையும் ஆடும் கண் முன்னால் வந்தன. இன்னும் ஒரு வருஷம் அந்தத் தெருவில், அந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டு நடக்க முடியுமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். முடியாது. நாலே முக்காலுக்குப் பழைய கம்பெனிக்கு எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன், எங்கள் ஊர் வழக்கத்தையும் இரண்டு வரியில் சொன்னேன். "குறிப்பிட்ட தேதியில் வந்து சேரவும்" என்று மட்டும் பதில் வந்தது. புதுக் கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதும்போது அழுதேன். சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கிய அம்மா என்ன ஆயிற்று என்று கேட்டாள். "ஏறிட்டேன்" என்றேன். அம்மா கையைக் கழுவிவிட்டு உலை வைத்தாள்.

இதெல்லாம் நடந்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இப்போது வாரத்தில் ஐந்து நாள் பறக்கிறேன், துணை விமானியாக, வலது பக்க சீட்டில். வேலை பிடித்திருக்கிறது. ஹைதராபாத் சோறுதான் பிடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, அன்றைய முதல் பயணத்துக்காக விமானத்தை ஓடுபாதையை நோக்கி மெதுவாக உருட்டிக்கொண்டு போனோம். வலது பக்கம் நிறுத்துமிடத்தில் ஒரு புது விமானம் நின்றிருந்தது. அதே வகை, எழுபது பேர் உட்காருவது. பெயிண்ட் ஈரம் காயாததுபோல் பளபளத்தது. வால் பக்கத்தில் அந்தப் புதுக் கம்பெனியின் பெயர். என் வயசுப் பெண் ஒருத்தி சீருடையோடு அதன் மூக்குக்குக் கீழே நின்று, யாரையோ போட்டோ எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது. கேப்டன் சரிபார்ப்புப் பட்டியலில் அடுத்த வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன். ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்றரை வருஷம் இருக்கிறது.

இறங்கியதும் அம்மாவுக்குப் போன் போட்டேன். விடுமுறை நாள், வீட்டில் இருந்தாள்.

"அந்தக் கம்பெனி பிளேன் வந்துடுச்சிம்மா. இன்னிக்கி ஜன்னல் வழியா பாத்தேன்."

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, பிறகு குழாயை மூடினாள்.

"நல்லா கீதா?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

"அன்னிக்கி பின்னால வந்த வண்டியும் நல்லாதான் இருந்துச்சி" என்றாள் அம்மா. "ஜன்னலாண்ட பச்ச ஸ்கிரீன் போட்டிருந்தாங்க."